பிரேக் ரப்பர்

ஜோகுபாளையத்தில் எங்கள் சந்துக்குள் மூன்று கார்கள் நிற்கும். இரண்டுக்கு உறை உண்டு. மூன்றாவது எதிர்வீட்டு ராஜேந்திரன் அண்ணனுடையது. அதற்கு உறையும் கிடையாது, ஒழுங்கான பூட்டும் கிடையாது. எவனாவது திருடிக்கொண்டு போனாலும் அல்சூர் ஏரியைத் தாண்டுவதற்குள் வெறுத்துப்போய்த் தள்ளிக்கொண்டு வந்து திருப்பி விட்டுவிடுவான் என்று அவர் காதுபடவே நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அவர் சிரிப்பாரே தவிர கோபித்துக்கொள்ள மாட்டார்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷத்து மாருதி எண்ணூறு. பிறக்கும்போது வெள்ளை. இப்போது ஒரு கதவு சாம்பல் நிறம், டிக்கியின் மூடி வேறொரு காரிலிருந்து வந்த சிவப்பு. சைலன்சரில் ஓட்டை விழுந்த இடத்தில் பால்பவுடர் டப்பாவை வெட்டிச் சுற்றி, எம்-சீல் அப்பி, கம்பி போட்டுக் கட்டியிருந்தார். ஜன்னல் கண்ணாடி நழுவாமலிருக்க ஹவாய் செருப்பில் அறுத்த ஒரு துண்டு. ரேடியேட்டர் ஒழுகியபோது ஒரு கைப்பிடி மஞ்சள்தூளை அதற்குள் கொட்டினார். இரண்டு நாள் சந்து முழுக்க ரசம் கொதிக்கிற வாசனை அடித்தது, ஆனால் ஒழுகல் நின்றுவிட்டது. பெட்ரோல் டேங்கில் கசிவு கண்டால் துணி சோப்பைத் தேய்த்து அடைப்பார். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள், இவருக்குச் சமையலறையே ஆயுதக் கிடங்கு. அவர் பெண்டாட்டி வனஜா மஞ்சள் டப்பாவைக் காணோம் என்றால் முதலில் காருக்குள்தான் போய்ப் பார்ப்பாள்.

நான் முத்தம்மா, ரவிக்கை தைக்கிறவள். என் தையல் மெஷின் முன்னறை ஜன்னலை ஒட்டி இருக்கிறது, ஜன்னலுக்கு நேர் எதிரே அந்தக் கார். சந்தில் எந்த வீட்டுக்கு யார் வந்தார்கள், எந்த வீட்டில் சண்டை, எந்த வீட்டில் சமாதானம், எல்லாம் என் கண்ணில் படாமல் நடக்காது என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமைக்கு வந்த கேட்டைத்தான் சொல்லப் போகிறேன்.

ராஜேந்திரன் அண்ணன் பழைய மெட்ராஸ் ரோட்டில் இருந்த ஒரு தொழிற்சாலையில் இருபத்தேழு வருஷம் ஃபிட்டராக இருந்தவர். தகடு அழுத்துகிற பெரிய பெரிய பிரஸ் மெஷின்களைப் பிரித்து மாட்டுவது வேலை. கம்பெனியை மூடிவிட்டார்கள், அந்த இடத்தில் இப்போது இருபது மாடிக் குடியிருப்பு நிற்கிறது. கையில் கொடுத்ததை வைத்து மகள் வீணாவை ஆனேக்கல்லில் கட்டிக்கொடுத்தார், மிச்சத்தில் இந்தக் காரைப் பழசாக வாங்கினார். வனஜா சமைப்பாள், அவர் காரில் கொண்டுபோய்க் கொடுப்பார் என்று ஏற்பாடு. தொம்லூர் பக்கம் ஆபீசுகளில் வேலை பார்க்கிற சேலத்துப் பையன்கள், திருநெல்வேலிப் பெண்கள் என்று நாற்பத்திரண்டு பேருக்கு மதியச் சாப்பாடு. நாலைந்து வருஷம் நன்றாகத்தான் ஓடியது.

பிறகு அவருக்குச் சர்க்கரை கண்ணுக்கு ஏறியது. இரண்டு கண்ணிலும் லேசர் வைத்தார்கள். இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தூரத்தில் இருப்பதுதான் கொஞ்சம் மங்கல், கிட்டத்தில் ஒரு குறையும் இல்லை என்று அண்ணன் எல்லோரிடமும் சொன்னார். நாங்களும் சரி என்று கேட்டுக்கொண்டோம்.

வனஜா நாற்பத்தேழு வயதில் கார் ஓட்டப் பழகினாள். முதல் மாதம் அவள் வண்டியை எடுக்கும்போது சந்தில் இருக்கிற நாய்கூட எழுந்து வீட்டுக்குள் போய்விடும். மூன்றாம் மாதம் டப்பா அடுக்கிய வண்டியை இந்தக் குறுகலான சந்துக்குள் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு வந்தாள். பின்சீட்டைக் கழற்றிவிட்டுப் பலகை போட்டிருந்தார்கள். பதினோரு மணிக்குச் சோறு வடிந்து, சாம்பார் இறங்கி, பொரியல் தாளித்து, நாற்பத்திரண்டு டப்பாவும் நிரம்பிவிடும். பன்னிரண்டுக்கு வண்டி கிளம்பும். பன்னிரண்டே முக்காலுக்கு அங்கே இருக்கவேண்டும். ஒருமுறை கிளட்ச் கம்பி அறுந்தபோது மூன்று நாள் ஆட்டோவை நம்பினாள். சாம்பார் சிந்தும் என்று ஒருவன் ஏற்றவே இல்லை, ஒருவன் பாதி வழியில் இறக்கிவிட்டான், மூன்றாம் நாள் வருகிறேன் என்ற வண்டி வரவே இல்லை. அந்த மூன்று நாளில் ஏழு பேர் வேறு இடத்தில் சாப்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போய்விட்டார்கள், அந்த ஏழு இடத்தை மறுபடி நிரப்ப இரண்டு மாதம் ஆயிற்று. கார் நின்றால் அந்த வீட்டில் அடுப்பு நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

ஆக, அவள் சமைத்தாள், அவளே ஓட்டினாள். அவர் வண்டியை உயிரோடு வைத்திருந்தார். அந்த வீட்டில் அவருக்கு மிஞ்சியிருந்த வேலை அது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய லுங்கியோடு அவர் காருக்கடியில் போய்விட்டால் மத்தியானம் மீன்குழம்பு வாசனைக்குத்தான் வெளியே வருவார். அவர் வேலை செய்வதைப் பார்க்கச் சந்தில் ஒரு கூட்டமே நிற்கும். கை நட்டைத் தேடும், முகம் வேறெங்கோ மாடியையோ மேகத்தையோ பார்த்துக்கொண்டிருக்கும். கண்ணை மூடிக்கொண்டே வேலை செய்கிற கை என்று எல்லோரும் வியந்தார்கள். என்னிடம் தைக்க வருகிற பெண்களிடம் நானே அவரைக் காட்டிப் பெருமை அடித்திருக்கிறேன்.

ஆடி முடிந்தும் தூறல் விடாத ஒரு வாரம். துணி காயவில்லை, ரவிக்கைக்குக் கொடுத்த லைனிங் துணியெல்லாம் ஈர வாடை அடித்தது. வெள்ளிக்கிழமை வண்டியை விட்டு இறங்கிய வனஜா, பிரேக் பெடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குகிறது என்று சொன்னாள். அண்ணன் போனட்டைத் தூக்கி, உள்ளே கையை விட்டுத் தடவி, விரலை முகர்ந்தார். பெரிய பிரேக் சிலிண்டரில் எண்ணெய் கசிகிறது, உள்ளே இருக்கிற ரப்பர் தேய்ந்துவிட்டது என்றார். பெடலை மிதித்தால் அந்தச் சிலிண்டர்தான் நாலு சக்கரத்துக்கும் எண்ணெயைத் தள்ளும் என்று எனக்கும் சேர்த்து விளக்கினார்.

சந்து முனையில் சுனில் என்கிற பையன் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறான். பையன் என்றால் முப்பது வயது, கன்னடக்காரன், நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவான். அவனிடம் கொடுத்துவிடலாம் என்றாள் வனஜா. அண்ணன் முகம் சுருங்கிவிட்டது.

"நான் இருக்கசொல்ல சுனிலுகிட்ட எதுக்குப் போவணும்? ஆளு ஒசரம் பிரஸ்ஸு மெஷினுக்கே ரப்பர் மாத்துனவன் நான். இது பொம்ம."

இது பிரேக் ஆயிற்றே, விளையாட்டுக் காரியமா என்று அவள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். அவர் சண்டை போடவில்லை. மத்தியானம் தட்டை எடுத்து வைத்தபோது பசியில்லை என்றார், சாயங்காலமும் பசியில்லை என்றார். சர்க்கரைக்காரர் பட்டினி கிடந்தால் என்ன ஆகும் என்று பயந்து வனஜா மறுநாள் காலையில் தானே ஜே.சி. ரோட்டுக்குப் போய் அந்த ரப்பர் செட்டை வாங்கி வந்து அவர் கையில் வைத்தாள். புருஷனைச் சாப்பிட வைக்கப் பிரேக்கைக் கொடுத்தவள் இந்த ஊரில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அண்ணன் என் வாசலில் வந்து நின்றார். கொஞ்சம் சீமெண்ணெய் இருக்குமா என்று கேட்டார். ரேஷனில் சீமெண்ணெய் நின்று எத்தனையோ வருஷமாகிறது, சந்தில் யார் வீட்டிலும் கிடையாது. மெஷினுக்குள் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்கிற நூல் குப்பையைக் கழுவ நான் மட்டும் எங்கெங்கோ சொல்லிவைத்து ஒரு பாட்டில் வைத்திருப்பேன். பழைய டம்ளர் ஒன்றில் ஊற்றிக் கொடுத்தேன். அவர் லுங்கி மடிப்பிலிருந்து சின்னச் சின்னக் கறுப்பு ரப்பர்களை எடுத்து ஒவ்வொன்றாக அதில் போட்டார். தொழிற்சாலையில் புது ரப்பர் எது வந்தாலும் ஒரு ராத்திரி சீமெண்ணெயில் ஊறப்போட்டுத்தான் மாட்டுவார்களாம். அப்போதுதான் பதமாகி, மாட்டிய இடத்தில் சொன்ன பேச்சைக் கேட்குமாம். இருபத்தேழு வருஷத்தில் ஒரு மெஷின்கூட ஒழுகியதில்லை என்றார். வீட்டில் வைத்தால் சாப்பாட்டில் வாடை ஏறும் என்று வனஜா கத்துவாள், இங்கேயே இருக்கட்டும் என்று டம்ளரை என் ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார். பூனை தட்டிவிடக் கூடாதே என்று நான்தான் அதன்மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாட்டி முடித்தார். வழக்கம்போலக் கூட்டம், வழக்கம்போல மேகத்தைப் பார்த்த முகம். புதிதாகப் பிரேக் ஆயில் ஊற்றி, வனஜாவை உட்காரவைத்து மிதிக்கச் சொல்லி, காற்றை எல்லாம் வெளியேற்றினார். பெடல் கல்லு மாதிரி நின்றது. அன்றைக்கு மீன்குழம்பை இரண்டு தடவை ஊற்றிச் சாப்பிட்டார் என்று வனஜா வந்து சொன்னாள்.

திங்கட்கிழமை ஒன்றுமில்லை. செவ்வாய்க்கிழமை, வண்டி பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி கனமாக ஓடுகிறது, முன்சக்கரத்தில் தீய்ந்த வாடை அடிக்கிறது என்றாள். புது ரப்பர், ஸ்வல்ப நாள் பழகவேண்டும் என்று சொல்லி, அண்ணன் பெடலுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு நட்டைத் தளர்த்தினார். புதன்கிழமை வண்டி லேசாக ஓடியது. பார்த்தாயா என்றார். அவளும் பார்த்தேன் என்றாள்.

வியாழக்கிழமை மத்தியானம் நான் ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டரை இருக்கும், வனஜா போன் செய்தாள்.

"முத்தக்கா, தொம்லூர் எறக்கத்துல இருக்கேன். எனக்கு ஒண்ணும் ஆகல. அவருகிட்ட சொல்லாம வாங்க."

ஊசியைத் துணியிலேயே குத்திவிட்டு ஆட்டோ பிடித்தேன். எதிர்வீட்டு வாசலில் அண்ணன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எங்கே என்று கேட்டார். நூல் வாங்க என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் ஏறினேன்.

கட்டிக்கொண்டிருக்கிற ஒரு வீட்டின் முன்னால் கொட்டியிருந்த எம்-சாண்ட் குவியலில் கார் மூக்கைச் செருகிக்கொண்டு நின்றது. பின்கதவு திறந்து டப்பாக்கள் தெருவில் உருண்டிருந்தன. பூசணிக்காய் சாம்பார் மணலில் ஊறி, சோறு அதன்மேல் சிதறி, காக்காய்கள் கூடிவிட்டன. வனஜா நடைபாதை விளிம்பில் இடது மணிக்கட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கட்டட வேலைக்காரர்கள் அவளுக்குத் தண்ணீர் கொடுத்து, மணிக்கட்டில் ஈரத்துணி சுற்றியிருந்தார்கள். மூச்சு இன்னும் சரியாக வரவில்லை அவளுக்கு.

சரிவில் இறங்கும்போது பிரேக்கை மிதித்திருக்கிறாள், பெடல் தரைக்குப் போய்விட்டது. மறுபடி மிதித்தாள், மறுபடி தரை. கீழே நர்சரிப் பள்ளிக்கூடத்து வேன் ஒன்று நின்று பிள்ளைகளை இறக்கிக்கொண்டிருந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு மணலைப் பார்த்து ஒடித்திருக்கிறாள். மணல் அங்கே கொட்டிக் கிடந்தது எந்தப் புண்ணியவானின் கட்டடமோ தெரியாது. இதைச் சொல்லும்போதுதான் அவள் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்பத்திரண்டு பேருக்கும் சாப்பாடு வராது என்று ஒவ்வொருவராகப் போன் போட்டுச் சொல்ல ஆரம்பித்தாள்.

சுனில் வந்து கயிறு கட்டி வண்டியை ஷெட்டுக்கு இழுத்துப் போனான். எதிர்ப்பக்கம் சுற்றி வந்து நுழைந்ததால் எங்கள் சந்து பார்க்கவில்லை. சிலிண்டரைக் கழற்றி உள்ளேயிருந்த ரப்பரை வெளியே தள்ளினான். ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பி, ஓரமெல்லாம் கிழிந்திருந்தது. அதே அளவில் புது ரப்பர் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். இரண்டும் ஒரே சாமான் என்று நம்ப முடியவில்லை. பழையதை மூக்கருகே கொண்டுபோனான்.

"நோடி அக்கா, இதப் பாருங்க, யாரு சீமெண்ணெயில போட்டது? மெஷின் ரப்பர் வேற, பிரேக் ரப்பர் வேற. இதுக்கு சீமெண்ணெய், பெட்ரோல் எதுவும் ஆகாது. உப்பிப்போயி வண்டியப் பிடிக்கும், அப்புறம் கிழிஞ்சு கைவிட்டுடும். பிரேக் ஆயில்லதான் கழுவணும்."

புது ரப்பர் வந்த பெட்டியிலிருந்து நான்காக மடித்த ஒரு சீட்டை எடுத்து நீட்டினான். எல்லாப் பெட்டியிலும் இருக்கும் என்றான். ஒரு எண்ணெய் டின்னைப் படம் போட்டுச் சிவப்பில் குறுக்கே அடித்து, கீழே இங்கிலீஷிலும் கன்னடத்திலும் எழுதியிருந்தது. கன்னடம் எனக்கு நன்றாகவே படிக்க வரும். படித்தேன். சீமெண்ணெயைக் கொடுத்தவள் நான், மூடிவைத்துக் காவல் காத்தவளும் நான்.

அதை அவனிடம் சொல்லவில்லை, வனஜாவிடம் சொன்னேன். அவள் என்மேல் கோபப்படவில்லை. இன்றைக்கே புது ரப்பர் போட்டுக் கொடுத்துவிடு என்று சுனிலிடம் சொன்னாள். நாய் குறுக்கே வந்தது, மணலில் ஏறிவிட்டது என்று வீட்டில் சொல்லப்போவதாக என்னிடம் சொன்னாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற காரியம் இது, இன்றைக்கு மணல் இருந்தது, நாளைக்கு லாரி இருக்கும் என்று கத்தினேன்.

"அவருக்கு இத்த விட்டா வேற இன்னாக்கா இருக்கு? வேலையும் போச்சு, ஸ்டியரிங்கும் போச்சு. இதையும் புடுங்கிட்டா நாற்காலியில குந்திக்கினு செவுத்தப் பாத்துனு இருப்பாரு. அவரு பாட்டுக்குச் செய்யட்டும். நான் வண்டிய எடுக்கறதுக்கு முன்னால இவன்கிட்ட ஒருவாட்டி காட்டிட்டுப் போறேன். இவன் சரி பண்ணட்டும்."

அவர் செய்ததை எல்லாம் அவருக்குத் தெரியாமல் இன்னொருவன் திருத்துவது, அது தெரியாமல் அவர் சந்தோஷமாக இருப்பது. உயிரோடு விளையாடுகிற இந்த ஏற்பாட்டை அவள் காய்கறி வாங்குகிற திட்டம் மாதிரி சொன்னாள். சுனில் தலையைச் சொறிந்தான். நான் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் வாயை மூடிக்கொண்டேன். குற்றம் செய்தவள் எப்படி நியாயம் பேசுவது?

ஐந்து மணிக்கு வனஜா ஒற்றைக் கையால் வண்டியை ஓட்டிவர, நான் பக்கத்தில் உட்கார்ந்து கியர் மாற்றும்போது கைகொடுத்தபடி சந்துக்குள் வந்தோம். தூறல் விட்டு வெயில் எட்டிப் பார்த்த சாயங்காலம். அண்ணன் எழுந்து வந்தார். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார். அவள் நாய்க் கதையைச் சொன்னாள். அடி ஏதும் பட்டதா என்று கேட்டார், மணிக்கட்டு லேசாகப் பிசகியிருக்கிறது என்றாள். அவர் அவள் கையைத் தேடிப் பிடித்து, வீக்கத்தை விரலால் சுற்றிவரத் தடவிப் பார்த்தார். பிறகு வண்டியின் மூக்கைத் தடவினார். வளைந்த பம்பர், கிரில்லில் ஒட்டிய மணல், எல்லாவற்றையும் தடவிக்கொண்டே வந்து கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் பிரேக்கை மிதித்தார். விட்டார். மறுபடி மிதித்தார்.

"இது நான் வெச்ச பெடல் இல்ல. யாரு தொறந்தது?"

"யாரும் தொறக்கல. நாயி வந்துச்சு, ஒடிச்சேன், அவ்ளோதான்," என்றாள் வனஜா.

"நாயி எந்தப் பக்கம் வந்துச்சு?"

"லெஃப்டுல."

"மணலு?"

வனஜா என்னைப் பார்த்தாள். மணலும் இடது பக்கம்தான், இடதில் நாய் வந்தால் யாரும் இடதில் ஒடிக்க மாட்டார்கள்.

"சரி வுடு. மிதிச்சியா?"

"மிதிச்சேன்."

"பெடல் எங்க நின்னுச்சு?"

"நிக்கல."

"ரெண்டாவது வாட்டி?"

"அதுவும் தரைக்குத்தாங்க போச்சு," என்று சொல்லிவிட்டு அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பிரஸ் மெஷின் நின்றுபோனால் ஓட்டுகிறவனிடம் இப்படித்தான் கேள்வி கேட்டிருப்பார் போலிருக்கிறது. எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. அந்த ரப்பருக்குச் சீமெண்ணெய் ஆகாதாம் அண்ணே, பெட்டிக்குள்ளேயே ஒரு சீட்டில் போட்டிருக்கிறானாம், தெரியாமல் நானும் ஊற்றிக் கொடுத்துவிட்டேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"உம்மேல தப்பு இல்ல முத்தம்மா. சீட்டு இருந்துச்சு. வெரலுல தட்டுப்பட்டுச்சு, நாலா மடிச்சிருந்தான். காயிதம்னு தெரிஞ்சுது. அதுல இன்னா எழுதிருக்குன்னு தெரியல."

சந்தில் யாரோ ஸ்கூட்டரில் போனார்கள். அந்தச் சத்தம் தேய்ந்ததும் சொன்னார்.

"உன் ஜன்னல்லதான் நின்னுக்கினு இருந்தேன். கொஞ்சம் படிம்மான்னு குடுத்திருக்கலாம். வெக்கமா இருந்துச்சு. மடிச்சு மடிச்சு லுங்கியில சொருவிக்கினு போயிட்டேன்."

வனஜா பொத்திய கையை எடுத்தாள். "கிட்டத்துல நல்லாத் தெரியுதுன்னு சொன்னீங்களே?"

"மொதல்ல தெரிஞ்சுது."

"எப்பலருந்து இல்ல?"

"போன தீபாவளிக்கு முன்னாலருந்து. நட்டு போல்ட்டுக்குக் கண்ணு வேணாம் வனஜா, கைக்கே தெரியும். சொன்னா வண்டியத் தொட வுட மாட்டேன்னு சொல்லல. உன்ன அதுல ஏத்தி அனுப்பிச்சேன் பாரு. உன்னயே ஏத்தி அனுப்பிச்சேன்."

தீபாவளியிலிருந்து ஒன்பது மாதம். தினமும் பத்தடி தூரத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். எதிர்வீட்டு மனிதருக்குக் கண் போய்விட்டதைப் பார்க்காமல் அதைக் கைத்திறமை என்று கூட்டம் கூட்டிக் காட்டியிருக்கிறேன்.

வனஜா திறந்திருந்த கதவுக்குள் குனிந்தாள். வீங்கின கையை வயிற்றோடு ஒடுக்கிக்கொண்டு, மற்றக் கையால் சீட்டைப் பிடித்துக்கொண்டு, அவர் முகத்துக்கு நேரே ஒரு சாண் தூரத்தில் தன் முகத்தைக் கொண்டுபோனாள். வெயில் நேராக அவள்மேல் விழுந்தது.

"என் மூஞ்சி தெரியுதா உங்களுக்கு?"

அவர் தலையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார், கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார். பொய் சொல்லிவிடுவாரோ என்று நான் பயந்தேன். சொல்லிவிட்டால் நன்றாக இருக்குமே என்றும் இருந்தது.

"பேசினா தெரியுது," என்றார்.

வனஜா முகத்தை எடுக்கவில்லை. அவள் உதடு கோணியது, ஆனால் அழவில்லை. ஒரு நிமிஷம் சும்மா இருந்தாள். அந்த நிமிஷத்தில் அவர் கண் அவள் முகத்தை விட்டு நழுவி அவள் தோளுக்குப் பின்னால் எங்கோ போயிற்று. அதை அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன். உடனே அவள் பேச ஆரம்பித்தாள். நாளைக்கு நாற்பத்திரண்டு பேரும் மறுபடி சாப்பாட்டுக்குச் சொல்லுவார்களா தெரியவில்லை, சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அரிசி ஊறப்போட வேண்டும், கை இப்படி இருக்கிறதால் முட்டைக்கோசு நறுக்க முடியாது, உருளைக்கிழங்கென்றால் வேகவைத்து உரித்துவிடலாம், உரிக்க அவரும் உட்காரலாம், அல்சூர் மார்க்கெட்டில் தக்காளி விலை இறங்கியிருக்கிறதாம், வீணாவுக்குப் போன் செய்து மூன்று வாரமாயிற்று. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல், குரல் உடைந்து உடைந்து, நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.